கத்தாத கன்றுக்குட்டி

விண்கப்பல் காணாமல் போனால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்? வானத்தில் என்று சொல்பவர்கள், என்னைப் போலக் காலம் முழுக்க உதவியாளராகவே இருக்க வேண்டியதுதான். ஆதிலட்சுமி மேடம் தரையைப் பார்த்தார். முட்டி போட்டு, மூக்கு மண்ணில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"காத்து, என்னா தெரியுது?"

நானும் குனிந்தேன். "மண்ணு மேடம்."

"அப்புறம்?"

"மண்ணு மேல புல்லு."

"புல்லு என்ன கலரு?"

"பச்ச. புல்லு வேற என்ன கலர்ல மேடம் இருக்கும்?"

"கப்பலு கெளம்புன எடத்துல கரிக்கட்ட கலர்ல இருக்கும்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இந்தக் கப்பலு பறந்து போகல. யாரோ உருட்டிக்கிட்டுப் போயிருக்காங்க."

என் பெயர் காத்தவராயன். விருத்தாசலம் பாலக்கரையில் செராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் 'ஆதி துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்கும். அதில் மூளை ஆதிலட்சுமி மேடம், கால் நான். வாயும் நான்தான் என்று மேடம் சொல்வார், அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்திரனுக்குப் போய்த் திரும்பும் கப்பல், காற்றுக்குள் நுழையும்போது வயிறு கருகிப் போகும். கருகின வயிற்றுக்கு, சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும் பீங்கான் ஓடு ஒட்டித் தர விருத்தாசலத்தை விட்டால் ஆள் கிடையாது. ஃப்யூஸ் கட்டை செய்துகொண்டிருந்த எங்கள் தொழிற்பேட்டையில் இப்போது தடுக்கி விழுந்தால் கப்பல் ஓடு மேலேதான் விழ வேண்டும். வந்து நிற்கிற கப்பல்களுக்காகப் பேட்டைக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டு. சைக்கிள் ஸ்டாண்டு போலவேதான். டோக்கன் கொடுப்பார்கள், இடம் பற்றாவிட்டால் நம் கப்பலை நம்மைக் கேட்காமலே தள்ளி நிறுத்துவார்கள், கேட்டால் நம்மையே திட்டுவார்கள்.

கப்பல் பெருகினால் கப்பல் திருடனும் பெருகுவான் இல்லையா? அவனுக்கு ஆப்பு வைத்தவர்தான் வேல்விழி. பேட்டையில் ஒரு சின்ன செராமிக் கம்பெனி நடத்துகிறார். அவர் கண்டுபிடித்த சாமானுக்கு ஏதோ ஒரு நீளமான பெயர் உண்டு, ஆனால் ஊர் அதைக் கன்றுக்குட்டி என்றுதான் சொல்கிறது. தேங்காய் அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் உருண்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காது. இதன் ஜோடியான தாய்ப் பீங்கான் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும். கப்பலை நிறுத்தியதும் கன்றைக் கழற்றி ஸ்டாண்டுக் கம்பத்தில் மாட்டிவிட வேண்டும். கன்று இல்லாமல் கப்பல் பறக்காது. சரி, தள்ளிக்கொண்டாவது போவோம் என்று எவனாவது தள்ளினால், கூப்பிடு தூரத்தைத் தாண்டிய உடனே கம்பத்தில் இருக்கிற கன்று 'ம்மா' என்று கத்தும். ஊரே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வரும். கன்று இங்கே கட்டிக் கிடக்கும்போது மாடு எங்கே போகும் என்பதுதான் இதன் மொத்த தத்துவமும்.

நேற்றுக் காலை மாணிக்கவேலின் கப்பல் காணாமல் போயிருந்தது. கன்று கம்பத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. கத்தவே இல்லை.

"பறந்து போனாலும் கத்தணும், உருட்டிக்கிட்டுப் போனாலும் கத்தணும். கத்தலையே!" என்றார் பழமலைநாதன். ஸ்டாண்டு சங்கத் தலைவர். தோளில் ஒரு சம்மட்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சங்கம் கூடுது. இருக்கற கன்னுக்குட்டி அத்தனையும் ஒரே எடத்துல போட்டு ஒடைக்கறோம். அப்புறம் பழையபடி சங்கிலி, பூட்டு, நாயி."

"அண்ண, மத்த கன்னுங்க எல்லாம் நல்லாத்தான கத்துது? காலையிலதான வச்சுப் பாத்தோம்?" என்றார் வேல்விழி. குரல் உடைந்திருந்தது.

"கத்தறதெல்லாம் நல்லாத்தாம்மா கத்துது. கத்த வேண்டியது கத்தலையே. இந்தக் கம்பத்துக் கன்னை எவனும் தொடக் கூடாது, சாட்சி!" கம்பத்தைச் சுற்றிச் சணல் கயிறு கட்டி அரக்கு வேறு வைத்திருந்தார் மனிதர்.

அவர் நகர்ந்ததும் வேல்விழி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு வருஷம் மேடம். எத்தன சூளை வெடிச்சிருக்கும், எத்தன கன்னு காது ஒடஞ்சி வந்திருக்கும்! இப்பதான் நெமிந்து ஒக்காந்தோம். என்னை நம்பி வேலைக்கு வர்ற பொம்பளைங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அஞ்சு மணிக்குள்ள அந்தக் கப்பலக் கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லன்னா என் கண்ணு முன்னாலயே எல்லாத்தையும் ஒடச்சிடுவாங்க."

"அழாத. கன்னு பொய் சொல்லாதுன்னு நீ நம்பறியா?"

"சத்தியமா நம்பறேன்."

"அப்ப நானும் நம்பறேன். காத்து, எங்க கெளம்பிட்ட?"

நான் தூக்குச்சட்டியோடு நழுவிக்கொண்டிருந்தேன். "சோத்த சுட வச்சிட்டு வந்துடறேன் மேடம்."

எங்கள் பேட்டைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. சூளை வேலை செய்கிறவர்கள் யாரும் ஆறின சோறு தின்ன மாட்டார்கள். காலையில் வந்ததும் தூக்குச்சட்டியைச் சூளைச் சுவர் மேல் வைத்துவிட்டால், மதியம் எடுக்கும்போது இப்போதுதான் வடித்த மாதிரி ஆவி பறக்கும். யார் சூளை என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஸ்டாண்டின் காம்பவுண்டுச் சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அந்தப் பக்கம், ரொம்ப நாளாக மூடிக் கிடந்த ஒரு கம்பெனி. பழைய சூளைகள் இடிந்து கிடக்க, ஒன்று மட்டும் புதுச் செங்கல் வைத்து, மண் பூசி, உருண்டையாக, ஜம்மென்று நின்றது. எவனோ கம்பெனியை எடுத்து நடத்தப் போகிறான் போல என்று நினைத்தபடி, சட்டியை அதன் தோள்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது கப்பலின் சொந்தக்காரர் வந்திருந்தார். மாணிக்கவேல் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். சந்திரனுக்கு ஷேர் கப்பல் ஓட்டுகிறவர். கண் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. கூடவே அவருடைய அக்கா ராஜம்மாள், அக்கா வீட்டுக்காரர் கோவிந்தராசு. இருவரும் எங்கள் மாவட்டத்து மங்களூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள்.

"என் கரும்பு வெட்டிக் கெடந்து காயுதுங்க," என்றார் கோவிந்தராசு, எங்களைக் கண்டதும். "மாப்ள கப்பல எடுத்துக்கிட்டுப் போயி ரெண்டே நடையில பெண்ணாடம் மில்லுல எறக்கிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எந்தப் படுபாவியோ அடிச்சிக்கிட்டுப் போயிட்டான்."

"கரும்பு ஏத்தறதுக்குக் கப்பலா?" என்றேன்.

"ஏன், ஆடு ஏத்தலையா? போன மாசம் கொலசாமிக்குக் கெடா வெட்டுன்னு அதுலதான போனோம். வண்டி சும்மா சொல்லக் கூடாது."

மாணிக்கவேல் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டுப்புழுக்கை ஞாபகம் வந்திருக்கும்.

"யாரும் கவலப்படாதீங்க," என்றார் ராஜம்மாள். இடுப்பில் கை வைத்து நிற்கிற தோரணையைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் ராஜ்ஜியம் என்று கேட்கவே வேண்டாம். "போலீசு கண்டுபிடிக்குதோ இல்லையோ, இந்தம்மா கண்டுபிடிக்கறாங்களோ இல்லையோ, நான் நேத்து சாயங்காலமே கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டேன்."

மாணிக்கவேல் கண்ணைத் திறந்தார். "என்னாக்கா சொல்ற?"

"என் தம்பி கப்பலத் திருடினவன் யாரா இருந்தாலும் வுடாத சாமின்னு எழுதி, முனியப்பர் வேல்ல கட்டிட்டு வந்துட்டேன். இனிமே அவரு பாத்துக்குவாரு."

எங்கள் பக்கத்தில் இதுதான் சுப்ரீம் கோர்ட்டு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது போனால் அப்பீலே கிடையாது. அதுவும் நம் ஊருக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துச் சாமிக்குப் பயணப்படி கட்ட வேண்டும். கப்பல் சந்திரனில் இருந்தால் எத்தனை கிலோமீட்டர் போடுவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் என் காலை மிதித்தார். அவர் பார்வை மாணிக்கவேல் மேலேயே இருந்தது. அக்கா தனக்காகச் சாமியிடம் போயிருக்கிறாள் என்றால் யாருக்கும் தெம்பு வரும். இந்த மனிதருக்கோ மூஞ்சி வெளிறி, மேல் உதட்டில் வேர்த்துவிட்டது.

"டீ குடிச்சிட்டு வரேன்கா," என்று முனகிவிட்டுத் தன் பைக்கை நோக்கி ஓடினார்.

"டீக்கடைக்கு எவனாவது ஓடுவானா?" என்றார் மேடம். "வண்டிய எடு."

என்னுடைய மொபெட்டைப் பற்றி நானே குறை சொல்லக் கூடாது. ஆனால் பின்னால் மேடம் உட்கார்ந்தால் அது முன்சக்கரத்தைத் தூக்கி வானத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் கிளம்பும். மாணிக்கவேல் பாலக்கரையில் திரும்பி மேற்கே போனார். நாங்களும் போனோம். நடுவில் கரும்பு டிராக்டர் ஒன்று இரண்டு டிரெய்லரோடு ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது.

"மேடம், கப்பல அந்தக் கரும்புக்குள்ள ஒளிச்சி வச்சிருந்தா?"

"கன்னு கத்தியிருக்கும். ஓரமா ஏத்து."

"ஓரத்துல பள்ளம் இருக்குது மேடம்."

"பள்ளத்துல ஏத்து!"

பள்ளத்தில் ஏற்றினேன். டிரெய்லரில் நீட்டிக்கொண்டிருந்த கரும்பு ஒன்று மேடம் கையோடு வந்துவிட்டது. போகிற வழியெல்லாம் கடித்துக்கொண்டே துப்புத் துலக்கினார், எனக்கு ஒரு துண்டு கூடத் தரவில்லை.

மாணிக்கவேல் போய் நின்ற இடம் கொளஞ்சியப்பர் கோயில். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே ஓடினார். நாங்கள் மொபெட்டை மரத்தடியில் சாய்த்துவிட்டு, மண் குதிரை ஒன்றின் பின்னால் பதுங்கினோம். வேலில் பொட்டலம் பொட்டலமாகப் பிராதுகள் தொங்கின. கோயில் ஆள் ஒருவரை மாணிக்கவேல் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து கட்டுன பிராதுங்க. வாபஸ் வாங்கணும்."

"பொருளு கெடைச்சிடுச்சா?"

"கெடைச்ச மாதிரிதாங்க."

"மாதிரின்னா? கெடைச்சிதா, கெடைக்கலையா?"

"தொலைஞ்சாத்தானங்க கெடைக்கறதுக்கு!"

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கரும்புச் சக்கையைத் துப்பாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"யாரு கட்டுனது?" என்றார் கோயில் ஆள்.

"எங்க அக்கா."

"அப்ப அவங்கதான் வந்து எடுக்கணும். நீ எடுக்க முடியாது."

"அண்ண, பொய்ப் பிராது கட்டுனா, கட்டுனவங்களையே திருப்பிப் புடிச்சிக்கும்னு சொல்றாங்களே. நெசமா?"

"பின்ன? சாமிகிட்ட வந்து வெளாடலாமா?"

"அவங்களுக்குத் தெரியாதுண்ண! எங்கக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது!" என்று மாணிக்கவேல் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சும்மா சொல்லக் கூடாது, அந்த அழுகையில் நடிப்பே இல்லை.

ஆனாலும் கடமை இருக்கிறதே! பாய்ந்து பிடிக்கலாம் என்று எழுந்தேன். மேடம் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"என்னா மேடம், ஆளு அல்வா மாதிரி மாட்டிக்கிட்டாரு! அவரே ஒளிச்சி வச்சிட்டு அவரே தேடறாரு!"

"சரி. இப்ப இவர இழுத்துக்கிட்டுப் போயி, இவருதான் ஒளிச்சாருன்னு சொன்னா சங்கத்துல என்ன கேப்பாங்க? 'கன்னு கத்தாமலே ஒருத்தரு கப்பல எடுத்துட்டாரு பாத்தியா'ன்னு கேப்பாங்க. சம்மட்டி ரெண்டு மடங்கு வேகமா எறங்கும். ஆளக் கண்டுபிடிச்சா நமக்குப் பேரு. கன்னு தப்பு பண்ணலன்னு காட்டுனாத்தான் வேல்விழி பொழைக்கும்."

"கத்தாத கன்ன வச்சிக்கிட்டு அத எப்படிக் காட்டறது?"

"அதான் தெரியல," என்றார் மேடம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அமாவாசைக்கு அமாவாசைதான். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கப்பல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கூடிக்கொண்டிருந்தார்கள். வேல்விழியின் கம்பெனிப் பெண்கள் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். பழமலைநாதன் சம்மட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் கன்று மாட்டிய கம்பத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அதை முறைத்துப் பார்த்தார். அதுவும் அவரை முறைத்தது.

ஊரே தலைகீழாகப் போனாலும் வயிறு வயிறுதான். இடிந்த சுவரைத் தாண்டிப் போய் என் தூக்குச்சட்டியை எடுத்து வந்து, கம்பத்தடியில் உட்கார்ந்து திறந்தேன். ஒரு வாய் வைத்ததும் பல் கூசிப் போய்த் துப்பினேன்.

"அடக் கடவுளே! சூளையா அது, ஐஸ் பொட்டியா?"

"என்னா ஆச்சு?" என்றார் வேல்விழி.

"சுடட்டும்னு வச்ச சோறுங்க. வைக்கும்போதாவது கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்திச்சு. இப்ப பாருங்க, சாம்பார் கட்டியா நிக்குது. கத்தி வச்சு அறுத்துத்தான் திங்கணும் போல!"

வேல்விழி எட்டிப் பார்த்தார். "எந்தச் சூளையில வச்சீங்க?"

"அதோ, செவுத்துக்கு அந்தாண்ட புதுசா பூசியிருக்குதே, அதுல."

"அந்தக் கம்பெனியில சூளை போட்டாங்களா? எனக்குத் தெரியாம யாரு..." என்று தொடங்கிய வேல்விழி நிறுத்திக்கொண்டார். "சூளைன்னா நெருப்பு வாய் இருக்கணுமே. அதுல எங்க காணோம்?"

மேடம் தூக்குச்சட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பழமலைநாதனே சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"வேல்விழி, ஒரு கன்னு கத்தலன்னா என்ன அர்த்தம்?"

"கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்க மேடம்."

"நீ வூட்டுல மாடு வச்சிருந்தா என்ன அர்த்தம்னு சொல்லுவ?"

வேல்விழி கம்பத்துக் கன்றைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ஆத்தா பக்கத்துலயே நிக்குதுன்னு அர்த்தம்," என்றார் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சோறு வைத்தது சூளை மேல் இல்லை, சூட்டையெல்லாம் உறிஞ்சும் ஓடு போட்ட கப்பல் மேல். எல்லோரும் இரண்டு நாளாக வானத்தையும் ரோட்டையும் தேடியிருக்கிறோம். கன்று கத்தவில்லை என்று அத்தனை பேரும் அதைத் திட்டியிருக்கிறோம். அது பாவம், கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

"போயி நாலு செங்கல்லப் புடுங்குனா முடிஞ்சிது," என்று எழுந்தேன்.

"உக்காரு. செங்கல்லப் புடுங்கினா கப்பலு தெரியும். கன்னோட அருமை தெரியாது," என்றார் மேடம். "ஒன் செல்லுல சார்ஜ் இருக்குதா? ஒரு மிஸ்டு கால் குடுத்தா நட. ரெண்டு குடுத்தா ஓடு."

மணி ஐந்து. சங்கம் கூடியது. பழமலைநாதன் சம்மட்டியைத் திரும்ப எடுத்து உயர்த்தினார். மேடம் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

"தலைவரே, ஒடைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. ஒடைக்கறதுக்கு முன்னால இந்தக் கன்ன நம்ம காத்து ஒரு நடை வெளிய கூட்டிக்கிட்டுப் போயிட்டு வரட்டும். நீங்க அரக்கு வச்சது வச்சபடி இருக்குது, எல்லாரும் பாத்துக்குங்க. ஊமைக் கன்னுதான, என்ன ஆயிடப் போவுது?"

பழமலைநாதன் யோசித்துவிட்டு அரக்கை உடைத்தார். கோயிலிலிருந்து திரும்பி வந்து அக்கா பக்கத்தில் ஒடுங்கி நின்ற மாணிக்கவேலை மேடம் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா? இப்ப சொல்லிட்டா நல்லது."

மாணிக்கவேல் அக்காவைப் பார்த்தார். "இல்லங்க."

என் செல் ஒரு தரம் அடித்து நின்றது. கன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தேன். கேட்டைத் தாண்டினேன், சத்தமில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினேன், சத்தமில்லை. பின்னால் யாரோ கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். வேல்விழி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. கொளஞ்சியப்பா, இந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்யா என்று வேண்டிக்கொண்டு இன்னும் நாலு எட்டு வைத்தேன்.

என் கைக்குள் கன்றின் காது இரண்டும் விறைத்தன.

"ம்ம்மா!"

யப்பா! அந்தச் சத்தத்தில் டீக்கடைக்காரர் கிளாஸைப் போட்டார். பஸ் ஒன்று பிரேக் அடித்து நின்றது. நான் கன்றைக் கீழே போடாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். அது மறுபடியும் கத்தியது. கத்தி முடித்த அடுத்த நொடி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வயிற்றுக்குள்ளிருந்து எழும்பின மாதிரி ஒரு பதில் வந்தது.

"ம்ம்ம்மாஆஆ..."

புதுச் சூளை நடுங்கியது. பூசின மண் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. செங்கல் நாலா பக்கமும் தெறித்தது. அப்புறம் அந்தச் சூளை, சத்தியமாகச் சொல்கிறேன், மெல்ல உருண்டு கிளம்பியது! இடிந்த சுவரில் இடித்துக்கொண்டு, மிச்சத்தையும் இடித்துத் தள்ளிவிட்டு, ஸ்டாண்டுக்குள் வந்து, கூட்டம் இரண்டாகப் பிளந்து ஓட, நேராக என்னை நோக்கி வந்தது.

என் செல் இரண்டு தரம் அடித்தது. ஓடு என்று அர்த்தம். எந்தப் பக்கம் ஓடுவது என்று மேடம் சொல்லவே இல்லை! இந்தப் பக்கம் ஓடினேன், கப்பல் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் ஓடினேன், அந்தப் பக்கம் வந்தது. கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேல் முதுகு முட்டி நின்றுவிட்டேன். கப்பல் எனக்கு ஒரு முழத்துக்கு முன்னால் வந்து நின்று, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. கன்று சட்டென்று அடங்கியது.

"உருண்டு வர்றதெல்லாம் நான் வைக்கவே இல்ல மேடம்!" என்று கத்தினார் வேல்விழி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "சத்தம்தான் மேடம் நான் வச்சேன்! இது அதுவா வருது!"

கம்பெனிப் பெண்கள் குலவை போட்டார்கள். பழமலைநாதன் சம்மட்டியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கப்பலின் நெற்றியில் கடைசி மண் பாளமும் விழுந்தது. நீலப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது தெரிந்தது: 'அக்கா ஆசி'.

ராஜம்மாள் அதைப் படித்தார். தம்பியைப் பார்த்தார். தம்பியின் வேட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"டேய். நீயா?"

மாணிக்கவேல் தலையைக் குனிந்தபடியே பேசினார். "ஸ்டாண்டுல தள்ளி நிறுத்தற சாக்குல அந்தாண்ட தள்ளிட்டேன். கொத்தனார வச்சுப் பூசிட்டேன். மாமா கரும்பு கேட்டாரு, ரெண்டு நாளுல அவரே வேற வண்டி புடிச்சிடுவாரு, அப்புறம் கெடைச்சிடுச்சின்னு சொல்லி எடுத்துக்கலாம்னு... போன தடவ ஏத்துன ஆட்டுப் புழுக்கையே இன்னும் பட்டன் சந்துலேருந்து வருதுக்கா. அதுக்கு மேல கரும்பு ஏத்துனா என் பொழப்பே போயிடும்."

"குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொல்லியிருந்தா நீ எங்கூடப் பேசியிருப்பியா?"

ராஜம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தார். கூட்டமே அவர் வாயைப் பார்த்தது. "பேசியிருக்க மாட்டேன்தான்," என்றார். பிறகு முந்தானையால் தம்பியின் நெற்றியில் தெறித்து ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். "வுடு. மொதல்ல வா, சாமிகிட்டப் போயி பிராத வாபஸ் வாங்கிடலாம். தப்புக் கட்டுனது நான், கேக்கறதுன்னா என்னத்தான் கேக்கட்டும்."

"அதுக்குத்தாங்கா மதியமே ஓடுனேன்," என்று மாணிக்கவேல் விசும்பினார்.

இதற்குள் பழமலைநாதன் வேல்விழியைத் தனியே தள்ளிக்கொண்டு போயிருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். "ஏம்மா, கன்னு கம்பத்துல இருந்தா நானே நெனச்சாலும் கப்பலு பறக்காது, அப்படித்தான?"

"ஆமாண்ண."

"கன்ன நீ ஒங்க கம்பெனியிலயே பூட்டி வச்சிக்கிட்டா?"

"அப்பவும் பறக்காது. எதுக்குண்ண?"

"என் மருமவன் ஞாயித்துக்கெழம வரான்," என்றார் பழமலைநாதன் கிசுகிசுப்பாக. "கேட்டா இல்லன்னு சொல்ல முடியல. 'குடுக்க எனக்கு ஆசதான் மாப்ள, கன்னு விடமாட்டேங்குதே, அந்தம்மா பூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே'ன்னு சொல்லிக்கலாம் பாரு."

கிசுகிசு அவ்வளவு தூரம் கேட்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு கப்பல்காரர் தன் மச்சினனைச் சொன்னார். இன்னொருவர் சகலையைச் சொன்னார். ஒருவர் சொந்தப் பெரியப்பாவையே சொல்லிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். திருடனுக்குப் பயந்து வாங்கினவர்கள் கை விரலில் அடங்குவார்கள். சொந்தக்காரனுக்குப் பயந்து அன்றைக்கு வேல்விழியைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குள் என்னால் கை நுழைக்கக்கூட முடியவில்லை. எனக்கொன்று, எனக்கொன்று என்று ஒரே கூச்சல். வேல்விழி யார் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க நான்கு வேளை ஐஸ் சோறு தின்னலாம்.

கோவிந்தராசு மட்டும் ஓரமாக, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பாவம், ஊர் முன்னால் மானம் போய்விட்டது. எனக்கே ஒரு மாதிரியாக இருந்ததால் பக்கத்தில் போனேன்.

"மனசுல வச்சிக்காதீங்க. ஆமா, ஒங்ககிட்டதான் டிராக்டர் இருக்குதுன்னு கேள்விப்பட்டேனே. கரும்ப அதுல ஏத்தியிருக்கலாமே?"

கோவிந்தராசு பக்கத்தில் ராஜம்மாள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு என் தோளைப் பிடித்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லு. டிராக்டருக்கும் அந்தக் கன்னுக்குட்டி செய்வாங்களா? என் தம்பி ஒரு நாளுன்னு வாங்கிட்டுப் போனான். பொங்கலுக்கு முன்னால போனதுப்பா."